செய்யாறு பொறந்த மலைக்கு ஒரு சீப் ட்ரிப்!

லீவு விட்டாச்சுன்னா ஊட்டியா, கொடைக்கானலான்னு கேங்கா உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்துவீங்களே... பர்ஸைத் திறந்து பார்த்ததும் பேச்சு கப்சிப் ஆகிடும், கரெக்ட்டா? கவலையை விடுங்க பாஸ், ஜவ்வாது மலை இருக்கு!

காஞ்சிபுரம் பக்கத்துல தறிச் சத்தம் கேக்குற ஐயம்பேட்டைதான் உங்க ஊருன்னா, இது சொந்தக்கார மலை. திருமுக்கூடல்ல பாலாறு, வேகவதியோட வந்து சேருதே செய்யாறு... அது பொறந்த இடமே ஜவ்வாதுதான்.

ரூட் ரொம்ப சிம்பிள். காஞ்சிபுரம், ஆரணி, போளூர், அங்கேருந்து ஜமுனாமரத்தூர். எல்லாமே பஸ்தான்; காரும் வேண்டாம், டூர் பேக்கேஜும் வேண்டாம். விடியக்காலையிலேயே கிளம்பிடுங்க. மலையிலிருந்து கீழே வர கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு போளூர்லயே விசாரிச்சுடுங்க. அதை விட்டீங்கன்னா, மிச்சம் பிடிச்ச காசெல்லாம் வேன் வாடகைக்கே போயிடும்!

மேலே என்ன இருக்கு? கோலப்பன் ஏரியில படகு, மழை முடிஞ்ச சீஸன்ல பீமன் அருவி. ஆலங்காயம் போற ரோட்டுல காவலூர். 1986-ல் வைணு பாப்பு பேர் சூட்டப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் இருக்கு. இந்த ஆய்வகத்துல 1988-ல் கண்டுபிடிச்ச ஒரு குறுங்கோளுக்கு நம்ம கணிதமேதை ராமானுஜன் பேரை வெச்சிருக்காங்க. பார்வையாளர் நேரத்தைக் கேட்டுட்டுப் போங்க. திரும்பும்போது வாணியம்பாடி, வேலூர் வழியா வந்தா ஒரு ரவுண்டே அடிச்ச மாதிரி!

இன்னொரு விஷயம். ஊட்டி மாதிரி கடைவீதி, ஹோட்டல் வரிசையெல்லாம் இங்கே எதிர்பார்க்காதீங்க. இது மலையாளிப் பழங்குடி மக்களோட வீடு. கேக்காம யாரையும் போட்டோ எடுக்காதீங்க. அவங்க விளைவிக்கிற சாமை, எடுக்கிற தேன் இதையெல்லாம் பேரம் பேசாம வாங்குங்க. கம்மி செலவுல ஊர் சுத்துறோம்ங்கிறதுக்காக, அந்தச் செலவை அவங்க தலையில கட்டிடக் கூடாது இல்லையா?

அப்புறம், அருவிக்கரையில காலி வாட்டர் பாட்டிலைத் தூக்கி வீசத் தோணுச்சுன்னா ஒரு செகண்ட் யோசிங்க. மழைக்காலத்துல செய்யாறு பொங்கிச்சுன்னா மலையில கிடக்கிற குப்பையையும் சேர்த்துத்தான் கீழே இழுத்துட்டு வரும்... திருமுக்கூடலுக்கே, அதாவது உங்க ஊர் வாசலுக்கே! பாட்டில் பையிலேயே இருக்கட்டும்.

என்ன, இந்த சனிக்கிழமை கிளம்பலாமா?