சான்றிதழ் என் பொறுப்பு, படிப்பு உன் பொறுப்பு

காரைக்குடியில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறோம் என்று சொன்னால், கேட்பவர் யாராக இருந்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "அப்ப காலேஜுக்கு என்ன பண்ணுவீக?" கல்யாணப் பந்தியிலும் கேட்பார்கள், கொப்புடையம்மன் கோயில் பிரகாரத்திலும் கேட்பார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கல்வியைத் தொடங்கும் பெற்றோர் எவரும் முதல் நாளே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. மகளை நடுநிலைப்பள்ளி வயதிலிருந்து வீட்டில் படிக்கவைத்துக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்திருக்கிறேன். பாடம் சொல்லிக்கொடுப்பதைவிட, அந்தக் கேள்விக்குப் பதில் தயார்செய்வதில்தான் இந்த வேலையின் நுணுக்கம் இருக்கிறது என்று கண்டுகொண்டேன்.

பள்ளிக்கு வெளியே படிப்பது எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில், சிறுவயதுப் பையன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பேரேடு எழுதுவது, வட்டி போடுவது, கடிதம் எழுதுவது, ஆளை எடைபோடுவது என எல்லாம் அங்கேதான் படிப்பான். பிறகு அடுத்தாளாகி, மேலாளாக உயர்வான். அவனிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கடையின் கணக்கே அவனுக்குச் சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கடல்கடந்த தொழில் சரிந்தபோது நிலைமை மாறியது. அழகப்பச் செட்டியார் 1947இல் இங்கே கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டிய அந்த ஆய்வகத்தைத்தான் நாங்கள் சிக்ரி என்கிறோம். வேலையிலிருந்து வரும் அறிவையும் வாசலைத் திறக்கும் பட்டத்தையும் இந்த ஊர் அடுத்தடுத்த தலைமுறைகளில் பார்த்திருக்கிறது. வீட்டுக்கல்விப் பெற்றோர் இரண்டையும் ஒரே பிள்ளைக்கு, ஒரே வீட்டில் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான் பிடித்துக்கொண்ட வழி இது: சான்றிதழ், விண்ணப்பம், கடைசித் தேதி, அரசாணை எல்லாம் என் தலைமேல். கற்பது மகளின் வேலை. இந்தப் பிரிவினை தெளிவாக இருந்தால் பிள்ளை நிம்மதியாகப் படிக்கும். கலந்துவிட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூடக் கட்-ஆஃப் கவலையில் தூங்காது.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையைத் தொடக்கக் கல்விக்கு அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. அதை மீறும் பெற்றோருக்கு அந்தச் சட்டம் தண்டனை எதுவும் வைக்கவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. இந்த இடைவெளிக்குள்தான் நம்மைப் போன்றவர்கள் நிற்கிறோம். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அநேகமாக இடமே இல்லை. இங்கிலாந்தில் பள்ளியிலோ வேறு வழியிலோ கல்வி தரலாம் என்று சட்டமே சொல்கிறது. இங்கே எழுத்தில் உரிமை இல்லாததால், ஆவணங்களைப் பெற்றோர்தாம் அடுக்கிவைக்க வேண்டும்.

பெரும்பாலோர் போகும் சாலை என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கியது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கும், 15 நிறைந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதியலாம். 5 பாடங்கள் போதும், அவற்றில் ஒரு மொழியாவது வேண்டும். ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டுகள் செல்லும். அதற்குள் பொதுத்தேர்வு எழுத 9 வாய்ப்புகள். ஏப்ரல்–மேயிலும் அக்டோபர்–நவம்பரிலும் தேர்வு நடக்கும். பாடங்களை ஒரே மூச்சில் எழுதத் தேவையில்லை, தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். தமிழும் ஒரு பாடமாக உண்டு, என் மகள் அதைத்தான் முதலில் எழுதினாள். கம்பன் விழாவில் பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது தைரியம் கொடுத்த தேர்வு.

இந்தத் தளர்வை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பெற்றோரின் கைத்திறன் தெரியும். கல்லூரி விண்ணப்பத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் மே மாதவாக்கில் விண்ணப்பம் தொடங்கிவிடும். ஏப்ரல்–மேயில் தேர்வெழுதும் பிள்ளையின் கையில் அப்போது மதிப்பெண் பட்டியல் இருக்காது. முந்தைய அக்டோபரிலேயே எழுதி முடித்துவிட்டால், மே மாதம் சான்றிதழோடு வரிசையில் நிற்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றுக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுக்கும் இடையே 2 ஆண்டு இடைவெளி வேண்டும் என்பதால், அந்த அக்டோபரை முடிவுசெய்துவிட்டுத்தான் பத்தாம் வகுப்புப் பதிவையே செய்ய வேண்டும். பொறியியலுக்கு 200க்குக் கட்-ஆஃப்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத வயதில் இந்த மூன்றையும் கைவிடாமல் வைத்திருந்தால் பல வாசல்கள் திறந்தே இருக்கும். வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் செய்முறை உண்டு. அதற்கு ஆய்வுக்கூடம் உள்ள படிப்பு மையத்தைப் பதிவு செய்யும்போதே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சான்றிதழைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் மும்பையின் மால்விகா ராஜ் ஜோஷி. ஏழாம் வகுப்பு வயதில் பள்ளியை விட்டு வீட்டில் படித்தவர். சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக மூன்று பதக்கங்கள் வாங்கினார். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐ.ஐ.டி.க்குள் போக முடியவில்லை. சென்னைக் கணிதவியல் நிறுவனம் அவருடைய அறிவைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. இடம் கொடுத்தது. மற்றவர்கள் இதை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். நான் இதில் பெற்றோருக்கான எச்சரிக்கையையும் பார்க்கிறேன். ஒலிம்பியாட் பதக்கம் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது. சான்றிதழோ முறையாகப் படிக்கும் பிள்ளைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

வீட்டுக்கல்வியால் இழப்பவற்றையும் பட்டியலிட்டே முடிவெடுக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்தும் குடும்பம் இவற்றை எல்லாம் விட்டுக்கொடுக்கிறது. எங்கள் வீட்டிலேயே முடிவுகள் வேறுவேறு. கூட்டத்தோடு ஓடி விளையாடிப் படிக்கும் மகன் அரசுப் பள்ளிக்குப் போகிறான், அங்கே சந்தோஷமாக இருக்கிறான். ஒரே கேள்வியை வாரக்கணக்கில் சுமந்து திரியும் மகளுக்கு வீடு பொருந்தியது. கொள்கைக்காகப் பிள்ளையைப் படிக்கவைக்கக் கூடாது, பிள்ளையைப் பார்த்துத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டு நடப்புக்கு வருகிறேன். விடியலில் சமையலை முடித்துவிட்டால் முற்பகல் படிப்புக்கு. அந்த நேரத்தில் நானும் மேசையில் உட்கார்ந்து எதையாவது படிப்பேன், கைப்பேசி அடுத்த அறையில் கிடக்கும். மதியத்துக்குப் பிறகு மகளின் நேரம் மகளுக்கே. விசேஷ வீடு, மொய், விருந்தாள், பிள்ளையார் நோன்பு என்று செட்டிநாட்டு வீட்டில் நாள்காட்டி எப்போதும் நிறைந்திருக்கும். அதை எதிர்த்துப் போராடாமல், தேர்வு மாதங்களில் மட்டும் "இந்த மாசம் வர முடியாது ஆச்சி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காரணத்தைச் சொன்னால் உறவுகள் புரிந்துகொள்கின்றன. என் மாமியார் முதலில் கவலைப்பட்டார். "ஏத்தா, புள்ள நாலு பேரோட பழக வேணாமா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பேச்சால் பதில் சொல்லவில்லை. மாலையில் மகளைக் கணவரின் கடைக்கு அனுப்பினேன். அங்கே வாடிக்கையாளரோடு பேசுகிறாள், சரக்குப் பட்டியல் சரிபார்க்கிறாள். இப்போது அப்பத்தாவே பேத்தியிடம் வரவு செலவு கேட்டுக்கொள்கிறார்.

ஒன்றில் நான் கண்டிப்பு. அடுப்படியை வகுப்பறையாக்க மாட்டேன். மாவு அளப்பதில் பின்னம், எண்ணெய் காய்வதில் இயற்பியல் என்று எதையும் பாடமாக்கும் ஆர்வம் பெற்றோருக்கு எளிதில் வரும். சீப்புச் சீடை சுடும்போது சீடை சுடுவதே போதும். சேர்ந்து வேலை செய்யும் நேரத்திலும் அம்மா பரீட்சை வைத்தால் பிள்ளைக்கு அம்மா இல்லாமல் போகும். கேள்வி பிள்ளையிடமிருந்து வந்தால் மட்டும் பின்தொடர்வேன்.

அப்படி வந்த ஒரு கேள்விதான் மகளின் பாதையைத் தீர்மானித்தது. ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதைப் பார்க்கப் போயிருந்தோம். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த கலவையும் சாந்தும் இட்டு, பிறகு கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். "காய வேண்டியதை ஏன்மா தண்ணிக்குள்ள போடுறாங்க?" என்று கேட்டாள். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதைத் தேடிப் படிக்கப் போனவள் வேதியியலுக்குள் போய்விட்டாள். பூக்கல்லுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு ஏன் சிவக்கிறது என்பது அடுத்த கேள்வி. செப்டம்பர் 26, சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளையொட்டிச் சிக்ரியின் ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம். அங்கே மின்கலம் பற்றிய விளக்கத்தை நின்ற இடத்தில் நின்று கேட்டாள். இந்த ஊரில் கிடைக்கும் இப்படிப்பட்ட வாசல்களைக் காட்டிவிடுவதே என் பங்கு. கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறந்தபின் அங்கேயும் போனோம். அங்கும் பானை ஓட்டின் கறுப்பும் சிவப்பும் எப்படி வந்தன என்றுதான் கேட்டாள். வேதியியல்தான் என்று அன்றைக்கே எனக்கு உறுதியானது.

பொறியியலா, பி.எஸ்சி. வேதியியலா என்பதை நான் முடிவுசெய்யவில்லை. இரண்டுக்கும் தகுதி வரும்படி பாடங்களை அமைத்துக் கொடுத்தேன். இரண்டுக்கும் வேண்டிய செலவையும் காலத்தையும் கடைக் கணக்குப்போல் எழுதி அவள் முன்னால் வைத்தேன். அவள் வேதியியலைத் தேர்ந்தெடுத்தாள். அவள் அப்பாவுக்குப் பொறியியல் ஆசை இருந்தது. ஆனால் கணக்கைப் பார்த்தபிறகு மகளின் பேச்சைக் கேட்டார்.

வீட்டுக்கல்வியை யோசிக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது: பள்ளியிலிருந்து நிறுத்தும் நாளிலேயே மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வீட்டில் படித்த பிள்ளைக்குப் பள்ளிப் பதிவேடு சாட்சி சொல்லாது, ஆகவே இ-சேவை மையத்தில் பிறப்பிடச் சான்று எடுத்து வையுங்கள். அரசு வேலை நோக்கம் என்றால் திறந்தநிலைச் சான்றின் இணைத்தகுதி பற்றிய அரசாணையைப் பதிவு செய்யும் முன்பே படியுங்கள். பிள்ளைக்கு 13 வயதாகும்போது கல்லூரியிலிருந்து பின்னோக்கி நாள்காட்டி போடுங்கள். இந்த எழுத்து வேலைக்கு வீட்டில் ஒருவரால் நேரம் ஒதுக்க முடியாதென்றால், தயங்காமல் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு மாலை நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஒதுக்க முடியுமென்றால் துணிந்து இறங்குங்கள், ஆனால் உங்கள் வேலையைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.