மாலை ஏழு மணிக்கு ஒரு நாற்காலி

குடிக்கிறவர் யாரும் ‘விட வேண்டும்’ என்று நினைக்காமல் இல்லை. பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் தொடாமல் இருப்பார். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம்தான் சிக்கல்.

ஓர் அச்சகத் தொழிலாளியின் கதையும் அப்படித்தான். வயது 45. ஒவ்வொரு முறை விட்டபோதும் வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அது ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. “அவருக்குக் காய்ச்சல் சார்” என்று அச்சகத்துக்கு போன் செய்து பொய் சொல்வது மனைவிக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

கடைசியில் கை நடுக்கம் தாங்காமல் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பத்து நாளில் உடம்பு தேறியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “உடம்புக்கு நான் மருந்து கொடுத்துட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன பண்ணுவீங்க? ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்க.” ஒரு துண்டுச்சீட்டில் முகவரியும் எழுதிக் கொடுத்தார்.

ஏ.ஏ. என்பது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம். முகவரி ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தைக் காட்டியது. “மதம் மாத்திடுவாங்களோ?” என்று அவருக்குச் சந்தேகம். “இடம்தாங்க அவங்களோடது. எந்த மதக்காரரும் போகலாம்னு டாக்டர் சொன்னாரே” என்றார் மனைவி.

முதல் நாள் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? ஊரே பார்க்கக் குடித்தபோது வராத கூச்சம், அதை விடப் போகும்போது வந்தது. மூன்றாவது முறைதான் உள்ளே நுழைந்தார்.

“வாங்க, உட்காருங்க. டீ சாப்பிடறீங்களா?”

அவ்வளவுதான் கேட்டார்கள். முழுப் பெயர், வேலை, எவ்வளவு குடிப்பீர்கள் என்ற விசாரணை எதுவும் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் எழுந்து, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கினார். மகளின் கொலுசை அடகு வைத்துக் குடித்ததைச் சொன்னார். இவருக்கு வியர்த்துவிட்டது. இவர் வீட்டிலும் ஒரு கொலுசு அப்படித்தான் போனது. யாரிடமும் சொல்ல முடியாது என்று நினைத்த விஷயத்தை ஒருவர் சத்தமாகச் சொல்கிறார், கேட்கிறவர்கள் முகம் சுளிக்கவில்லை. அறிவுரை சொல்லவும் இல்லை.

இந்த இயக்கம் பிறந்ததே இப்படி ஒரு பேச்சில்தான். 1935-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்திலுள்ள ஆக்ரன் நகருக்கு பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் வந்தார். குடியை விட்டு சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுப்போக, ஹோட்டல் மதுக்கூடம் அவரை இழுத்தது. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று தோன்றியது. போன் செய்து தேடியதில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் கிடைத்தார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ.வின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சேரக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். செலவுக்கு உறுப்பினர்கள் தங்களால் முடிந்ததைப் போடுவார்கள். ‘இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்’ என்ற சபதம் அங்கே இல்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது, நாளை மறுபடியும் அதே ஒரு நாள்.

நான்காவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவர் மறுபடி குடித்துவிட்டார். அவமானத்தில் இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை. பிறகு போனபோது அந்தப் பெரியவர், “வந்துட்டீங்கல்ல தம்பி, அது போதும்” என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மனைவிக்கும் ஒரு கூட்டம் இருந்தது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-ல் தொடங்கிய ‘அல்-அனான்’. அவர் குடிப்பதற்குத் தான் காரணம் இல்லை என்பதை அவள் அங்கேதான் முதன்முதலில் நம்பினாள். அச்சகத்துக்குப் பொய் சொல்வதையும், வாசலிலேயே நிறுத்தி வாயை மோந்து பார்ப்பதையும் விட்டாள். இப்போது இரவு கேட் சத்தம் கேட்டால் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்கு ஓடுவதில்லை.

தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் டாக்டரைப் பாருங்கள். கூட்டம் மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. ‘ஓபன்’ கூட்டங்களுக்கு வீட்டாரும் போகலாம்; ‘க்ளோஸ்டு’ கூட்டங்கள் குடிப் பிரச்னை உள்ளவர்களுக்கு மட்டும். ஒரு குழு மனதுக்கு ஒட்டவில்லை என்றால் இன்னொரு குழுவுக்குப் போய்ப் பார்க்கலாம்.

முகவரியை வீட்டார் தேடித் தரலாம், தெருமுனை வரை கூடவும் போகலாம். படியேற வேண்டியது அவர்தான். முதல் நாள் திரும்பி வந்துவிட்டால் திட்டாதீர்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று மட்டும் கேட்டு வையுங்கள்.