ஏழு ஐந்தா, ஐந்து ஏழா?

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் புரோகிராம் எழுதிப் பழகும் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களுக்குக் காட்டுங்கள். மற்றவர்கள் கடைசியில் வரும் ஓர் அம்மாவின் கதைக்காகவாவது படிக்கலாம்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடைக்கு பில் போட பைத்தானில் தானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். பிரவுசரில் ஓடுவது இல்லை. விண்டோஸில் ஐகானைத் தட்டினால் திறக்கும் சொந்த மென்பொருள். கடையில் இன்டர்நெட் அடிக்கடி போய்விடுகிறதாம், அதனால்தான் அப்படி.

"சார், வீட்டு சிஸ்டத்துல அருமையா ஓடுது. கடையில வச்சா திறந்த உடனே மூடிக்குது. ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டர் முறையாகப் படித்தவன் இல்லை. 2001இல் பள்ளி அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு விஷுவல் பேசிக் 6 கற்றுக்கொண்டு, மாணவர் விவரம், கட்டண ரசீது, மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் புரோகிராம் எழுதினேன். ஓய்வு பெறும் வரை அதோடு மல்லுக்கட்டினேன். அதன் பிறகு மொழிகள் எத்தனையோ மாறிவிட்டன. நான் விழுந்த குழிகள் மட்டும் அதே இடத்தில் இருக்கின்றன.

அவரிடம் சொன்னது: "ஐகானைத் தட்டாதே. கமாண்ட் பிராம்ப்ட் கறுப்புத் திரையைத் திறந்து, அங்கிருந்து புரோகிராமை ஓட்டு. ஜன்னல் மூடினாலும் பிழைச் செய்தி அங்கேயே நிற்கும். அதைப் படி." ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். பொருள் பட்டியல் கோப்பு டி டிரைவில் இருக்கிறது என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார். கடைக் கம்ப்யூட்டரில் டி டிரைவே கிடையாது.

இதுதான் முதல் குழி. நம் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் ஊரில் எல்லோரிடமும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வது. கோப்பு எங்கே என்பதை நாம் எழுதி வைக்கக் கூடாது. புரோகிராம் ஓடும்போது விண்டோஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புரோகிராமோடு வரும் படங்கள், படிவங்கள் ஓரிடம். பயன்படுத்துகிறவர் சேர்க்கும் தகவல் வேறிடம். இரண்டையும் கலக்கக் கூடாது.

கலந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். 2010 வாக்கில் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு விண்டோஸ் 7 உள்ள புதியதை வைத்தார்கள். என் பழைய புரோகிராமை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் போட்டேன். தகவல் கோப்பும் அதே ஃபோல்டரில். இரண்டு எழுத்தர்கள், ஆளுக்கொரு லாகின். ஒரு வாரம் கழித்து ஒரே சண்டை. "நேத்து நான் ஏத்தின 12 பேரைக் காணோம்" என்கிறார் ஒருவர். "நான் தொடவே இல்லை" என்கிறார் மற்றவர். இரண்டு பேரும் சொன்னது உண்மை.

விஸ்டா வந்ததிலிருந்து சாதாரண லாகினில் இருப்பவர் புரோகிராம் ஃபைல்ஸில் எதையும் எழுத முடியாது. பழைய புரோகிராம்கள் நின்றுவிடக் கூடாதே என்று விண்டோஸ் ஒரு வேலை செய்கிறது. எழுத வருவதை மறுக்காமல், அந்த லாகினுக்கென்று வர்ச்சுவல் ஸ்டோர் என்ற ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து, அதில் எழுதிக்கொள்கிறது. புரோகிராமுக்கு இது தெரியாது. ஆக, ஒரே மேஜை, ஒரே கம்ப்யூட்டர், இரண்டு தனித்தனிப் பதிவேடுகள்! தீர்வு எளிது. ஒருவருக்கு மட்டுமான தகவலை ஆப்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள். பலருக்கும் பொதுவானதை புரோகிராம் டேட்டா ஃபோல்டரில் வைத்து, எல்லோரும் எழுதும் அனுமதியை இன்ஸ்டால் செய்யும்போதே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது குழி, உறைந்துபோகும் ஜன்னல். ரசீது போடும் பொத்தானை அழுத்தினால் என் புரோகிராம் ரசீதைச் சேமித்து, தலைமை ஆசிரியர் அறையில் இருந்த கம்ப்யூட்டருக்கும் ஒரு நகல் அனுப்பும். அந்தக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால், பதிலுக்குக் காத்துக்கொண்டு அப்படியே நிற்கும். எழுத்தர் அம்மா, அழுத்தியது பதியவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு முறை அழுத்தியிருக்கிறார். அந்த அழுத்தல்கள் எங்கும் போகவில்லை. வரிசையில் காத்திருந்து, ஜன்னல் உயிர் பெற்றதும் ஒவ்வொன்றாக நடந்தேறின. ஒரே மாணவனுக்கு மூன்று ரசீது. சாயங்காலம் கணக்கில் பணம் குறைந்தது. அந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் தன் கைப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். இரண்டாவது முறையும் அப்படி ஆனபோதுதான் என்னிடம் வந்து சொன்னார். என் புரோகிராமின் தப்புக்கு அவர் சம்பளத்தில் அபராதம்.

வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். பள்ளியில் ஒரே ஒரு பியூன் இருக்கிறார். மணியடிப்பது, சுற்றறிக்கை கொண்டுபோவது எல்லாம் அவர்தான். அவரை வங்கிக்கு அனுப்பிவிட்டால் மணியடிக்க ஆள் இல்லை. ஜன்னல் வைத்த எல்லா மென்பொருளிலும் அப்படி ஒரு பியூன் உண்டு. மெயின் திரெட் என்பார்கள். திரையை வரைவது, மவுஸ் தட்டலைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலை. அவர் ஐந்து நொடி கவனிக்காமல் இருந்தால் விண்டோஸ் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று எழுதிவிடும்.

நீண்ட வேலைக்கு வேறு ஆள் போட வேண்டும். அதாவது இன்னொரு திரெட். ஆனால் அந்த ஆள் திரையில் எதையும் நேரடியாகத் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் மெயின் திரெட்டுக்குச் சேதி அனுப்ப வேண்டும், திரையை மெயின் திரெட்தான் மாற்ற வேண்டும். கியூட்டியில் சிக்னல், டாட்நெட்டில் இன்வோக் என்று பெயர்தான் வேறு. பொத்தானை முதலில் முடக்குங்கள், வேலையைத் தனியே அனுப்புங்கள், முடிந்த சேதி வந்ததும் பொத்தானைத் திறந்துவிடுங்கள். நான் அன்று செய்தது டூ ஈவென்ட்ஸ் என்ற குறுக்குவழி. ஜன்னல் உறையவில்லை. ஆனால் முதல் ரசீது முடிவதற்குள் இரண்டாவது ரசீது தொடங்கிவிட்டது. மருந்து நோயைவிட மோசம்.

மூன்றாவது குழி மின்வெட்டு. மதிப்பெண் கோப்பைச் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஒரு தடவை அப்படியே ஆகி, ஒரு வகுப்பின் அரையாண்டு மதிப்பெண் முழுவதையும் விடைத்தாளைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். முதலில் அதே ஃபோல்டரில் வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகு பெயரை மாற்றிப் பழைய கோப்பின் இடத்தில் வையுங்கள். எந்த நொடியில் கரண்ட் போனாலும் ஏதாவது ஒரு முழுக் கோப்பு கையில் இருக்கும். இன்று ஆரம்பிப்பவர்கள் எஸ்கியூலைட் பயன்படுத்தினால் இந்தக் கவலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நான்காவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

2002 டிசம்பர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகிறது. பட்டியலை அனுப்பும் முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பிறந்த தேதியைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது எங்கள் பள்ளி வழக்கம். ஓர் அம்மா வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் "ஜூலை 5, 1988" என்று படித்தேன்.

"ஜூலையா? இல்லீங்க சார். அவன் அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சு நாலாம் நாள் பொறந்தவன். அந்த வெயில்ல என்னை மாட்டு வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. ஜூலை எப்படி வரும்?"

நான் சொன்ன பதிலை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. "கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, தப்பா இருக்காது" என்றேன். அவர் நகரவில்லை. கைநாட்டு வைக்கவும் மாட்டேன் என்றார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். பதிவேட்டில் மே 7.

பட்டியலில் 86 பேர். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 31 பேருக்குத் தேதியும் மாதமும் இடம் மாறியிருந்தன.

காரணம் இதுதான். திரையில் நாங்கள் 07/05/1988 என்று அடிப்போம். அதை அப்படியே எஸ்கியூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டி ஆக்சஸ் டேட்டாபேஸுக்கு அனுப்பினேன். அந்த வாக்கியத்துக்குள் வரும் தேதியை அது அமெரிக்க முறையில் படிக்கும். மாதம் முதலில், நாள் பிறகு. விண்டோஸில் இந்திய முறை வைத்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே மே 7, ஜூலை 5 ஆகிவிட்டது. இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. 23/05 என்று வந்தால், 23ஆம் மாதம் கிடையாது என்பதால் சத்தம் போடாமல் நம் முறைக்கு மாறிப் படித்துக்கொள்ளும். ஒரே பட்டியலில் சிலது சரி, சிலது தப்பு.

கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாள். 12 மாதத்துக்கு 144 தேதிகள். அதில் 1/1, 2/2 மாதிரி இரண்டும் ஒன்றான 12 போனால், மீதி 132. வருடத்தின் 365 நாளில் 132 நாளில் பிறந்தவர்களின் பிறந்த தேதி பிசகும். மூன்றில் ஒருவருக்கு மேல். நான் புரோகிராமைச் சோதித்தது என் பிறந்த தேதியை வைத்து. நான் பிறந்தது 23ஆம் தேதி. எத்தனை முறை சோதித்தாலும் சரியாகத்தான் வரும்.

தீர்வு ஒரே வரி. உள்ளே போகும் தேதி எப்போதும் 1988-05-07 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் போக வேண்டும். அதைவிட நல்லது, தேதியை வாக்கியத்தில் ஒட்டாமல் பாராமீட்டராகத் தனியே கொடுப்பது. திரையிலும் அச்சிலும் மாதத்தை எழுத்தில் காட்டுங்கள். "07 மே 1988" என்றால் யாரும் குழம்ப முடியாது. சோதிக்கும்போது, தப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கும் தேதியாகத் தேடி எடுத்துச் சோதியுங்கள். இது எண்ணுக்கும் பெயருக்கும் பொருந்தும்.

பெயர்ப் பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டோம். ஆனால் அந்த ஜூன் மாதம் இதே புரோகிராமில் 41 மாற்றுச் சான்றிதழ் கொடுத்திருந்தோம். பதிவேட்டோடு ஒப்பிட்டால் 14 தப்பு. தலைமை ஆசிரியரிடம் போய் என் தப்பு என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. 14 புதிய சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க சார்" என்றார். இரண்டு வாரம் சாயங்காலத்தில் சைக்கிளில் அலைந்து 13 பேரிடம் கொடுத்தேன். ஒரு குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது. விலாசம் யாரிடமும் இல்லை. அந்தச் சான்றிதழ் ஓய்வு பெறும் நாள் வரை என் மேஜை இழுப்பறையில் இருந்தது. கிளம்பும்போது அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஹார்டுவேர் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், என் புரோகிராம்லயும் பில் தேதியை அப்படியேதான் ஒட்டியிருக்கேன்" என்றார். அன்று இரவே மாற்றிவிட்டு மெசேஜ் அனுப்பினார்.

பிள்ளைகளே, உங்கள் புரோகிராமைப் பயன்படுத்துகிறவர் "இது தப்பா இருக்கு" என்று சொன்னால், கம்ப்யூட்டர் பக்கம் பேசாதீர்கள். முதலில் பதிவேட்டை எடுங்கள். அந்த அம்மா கைநாட்டு வைத்திருந்தால் 31 பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழில் வாழ்நாள் முழுக்கத் தப்பான தேதி நின்றிருக்கும்.

நீங்கள் விழுந்து எழுந்த குழிகளையும் கீழே எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.