ஜாக்குக்குள் அடைபட்ட சத்தம்

கையடக்க கேம் கருவியிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிய பிறகும் சத்தம் வரவில்லை என்றால், ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலைப் பக்கம் உள்ள செல்போன் சர்வீஸ் கடை ஒன்றுக்கு பி.எஸ்.பி. என்ற கேம் கருவி ஒன்று வந்ததும் அப்படித்தான். கொண்டுவந்தவர் வெள்ளிமலையைத் தாண்டிய சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த கல்லூரி மாணவர். சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா கொடுத்த பொருளாம். “ஸ்பீக்கர் மாத்தணும்ணா” என்று நீட்டினார்.

கடைக்காரர் ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. மேசையில் கிடந்த பழைய ஹெட்போனைச் செருகினார். இரண்டு காதிலும் சத்தம் தெளிவாக வந்தது. பிடுங்கினார், மௌனம். “ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கும் தம்பி. ஹெட்போன் இன்னும் உள்ளயே இருக்குன்னு செட்டு நெனச்சிக்கிட்டு இருக்கு.”

அவர் சொன்னதன் பொருள் ஹெட்போன் செருகும் துளையான ஜாக்கின் அமைப்பில் இருக்கிறது. உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் வில்லாக வளைந்து நிற்கின்றன. ஹெட்போன் பின்னின் நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. இவை போக, பின் நுழைந்ததா இல்லையா என்று அறிவிக்கும் ஒரு சுவிட்ச். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியே இந்தச் சுவிட்சைக் கடந்துதான் போகும். பின் நுழைந்தால் வழி அறுபடும். பிற்காலக் கருவிகள் பலவற்றில் சுவிட்ச் சிப்புக்குச் சேதி மட்டும் சொல்கிறது, ஸ்பீக்கரை அடைப்பது மென்பொருள். இரண்டிலும் நோய் ஒன்றே: தகடு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, அல்லது திரும்பியும் அழுக்கால் தொடவில்லை.

நான் அங்கே கவனித்தது அவர் வேலையின் வரிசையை. ஸ்குரூ டிரைவருக்கு முன்னால் டார்ச். துளைக்குள் சட்டைப்பையின் பஞ்சு அடைந்து கிடந்தது. அதை ஊக்கால் கிளறுவதுதான் வீட்டில் எல்லோரும் செய்வது. அதில்தான் தகடு நிரந்தரமாக வளைந்துபோகிறது. அவர் சீவிய மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தெடுத்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பின்னைத் திரும்பத் திரும்பச் செருகி எடுத்தார். தகட்டில் படிந்த கறையை அந்த உராய்வே சுரண்டிவிடும். காய விட்டு ஆன் செய்தபோது சத்தம் விட்டுவிட்டு வந்தது. பாதிப்பேர் இந்த இடத்தில் வேலை முடிந்ததென்று கொடுத்துவிடுவார்கள். இவர் செட்டைத் திறந்தார்.

மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து ஜாக்கின் கால்களைத் தொட்டார். ஒரு காலில் ‘பீப்’ சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. லென்ஸை நகர்த்தி எனக்கும் காட்டினார்: காலைச் சுற்றி ஈயத்தில் தலைமுடி அளவு வட்ட விரிசல். படுத்துக்கொண்டு விளையாடும்போது பின் ஒரு நெம்புகோலாகிறது. வயர் இழுபடும் ஒவ்வொரு முறையும் அந்த விசை முழுவதையும் தாங்குவது போர்டில் உள்ள சில பொட்டு ஈயம்தான்.

அதை மறுபடி உருக்குவதிலும் நுணுக்கம் உண்டு. ஐரோப்பாவின் 2006 கட்டுப்பாட்டுக்குப் பிறகு, தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஈயம் கலக்காத பற்றாசுக்கு மாறிவிட்டன. நம் கடைகளில் எல்லாப் பற்றாசுக்கும் ‘ஈயம்’ என்றுதான் பேர், அது வேறு விஷயம். ஈயம் கலக்காத அந்தக் கலவை உருக ஏறக்குறைய 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். கடையில் இருக்கும் 63-க்கு 37 வெள்ளீய-ஈயக் கம்பி 183 டிகிரியிலேயே உருகும். அவர் பழையதன் மேல் முதலில் இதைக் கலந்துவிடுகிறார். உருகுநிலை இறங்குகிறது, ஜாக்கின் பிளாஸ்டிக் தப்பிக்கிறது. ஹாட் ஏர் பிடித்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பிளாஸ்டிக் இளகித் தகடுகள் கோணிவிடும். பிளக்ஸ் புகைந்தது, ஈயம் பளபளவென்று காலைச் சூழ்ந்தது. மீட்டர் இப்போது விடாமல் கத்தியது.

இந்தத் துளையின் வயது வியப்பானது. தாய் வடிவமான 6.35 மில்லிமீட்டர் பின், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி நிலையத்து சுவிட்ச்போர்டுகளுக்காகப் பிறந்தது. 3.5 மில்லிமீட்டர் வடிவத்தைச் சிறு ரேடியோக்கள் பரப்பின; 1979-ல் வந்த வாக்மேன் உலகெங்கும் கொண்டுபோனது. 1989-ன் கேம் பாயில் ஜாக் இருந்தது. 2003-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி.யில் நிண்டெண்டோ அதை எடுத்துவிட்டது. ஹெட்போன் வேண்டுமென்றால் தனி அடாப்டர். ஆப்பிள் அதையே 2016-ல் ஐபோன் 7-இல் செய்தது. ஆனால் பிற்காலக் கையடக்க கேம் கருவிகள் ஜாக்கைக் கைவிடவில்லை: 2017-ன் நிண்டெண்டோ ஸ்விட்சிலும் உண்டு, 2022-ன் ஸ்டீம் டெக்கிலும் உண்டு. புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். பாட்டுக்கு அது பொருட்டில்லை. துப்பாக்கி வெடித்த பின் சத்தம் கேட்டால் விளையாட்டு கெட்டுவிடும்.

கல்வராயன் மலையிலிருந்து இந்தக் கடைக்கு இறங்கிவரும் ஜாக்குகளில் கேம் கருவி அபூர்வம். பெரும்பாலும் போன்கள்தான், அதிலும் பழைய பட்டன் போன்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில், போன் சிக்னல் தடுமாறும் இடங்கள் இன்னும் உண்டு. அங்கே ஹெட்போன் வயருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: பல போன்களில் எஃப்.எம். ரேடியோவின் ஆன்டெனாவே அதுதான். ஜாக் போனால் ரேடியோவும் போகிறது. காட்டு வேலையின்போது வானொலி கேட்கும் ஒருவருக்கு அது சின்ன இழப்பு இல்லை.

அப்படி வந்த ஒரு பெரியவரின் புகார் விசித்திரமாக இருந்தது. மேளமும் வயலினும் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கடைக்காரர் போனை வாங்கும் முன்பே “கிரவுண்டு போச்சு பெரியவரே” என்றார். ஸ்டீரியோ பாட்டில் பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கத்திலும் சம அளவில் பதிவாகியிருக்கும். பொதுவான கிரவுண்டுத் தொடர்பு அறுந்தால், இரண்டு காதுக்குமான வித்தியாசம் மட்டுமே ஒலியாகிறது. சமமாக இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இதை அவர் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. நூற்றுக்கணக்கான செட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் காது கற்றுக்கொண்டது. இந்த அறிவைச் ‘செல்போன் ரிப்பேர்’ என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்குவது நியாயமில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஊரில் லென்ஸுக்கு அடியில் நடக்கும் இந்த வேலையும் கைவினைதான். கை, கண், காது மூன்றும் சேர்ந்தால்தான் நடக்கும்.

பெரியவரின் போனில் தகடே முறிந்திருந்தது. புதிய ஜாக் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவில் சொல்லி, பஸ் பார்சலில் வரவழைக்க வேண்டும். கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்த டப்பாவை இழுத்தார். உயிர்விட்ட போர்டுகள் நிறைய. தேடி, கால்கள் பொருந்தும் ஒன்றைப் பிடுங்கிப் பொருத்தினார்.

ஒரு கருவி பிழைக்குமா என்பது, அதை வடிவமைத்தவர் ஜாக்கை எங்கே வைத்தார் என்பதைப் பொறுத்தது. முதல் ஸ்விட்சில் அது கேம் கார்டு ரீடரோடு ஒரே தனிப் பலகையில் இருக்கிறது. ஜாக் கெட்டால் அந்தப் பலகையை மாற்றிவிடலாம். தாய்ப் போர்டிலேயே பற்றவைத்த கருவிகளில், மலிவான உதிரிக்காக முழுப் போர்டையும் சூடாக்கித் தீர வேண்டியிருக்கிறது. அடிக்கடி இழுபடும் உறுப்பைத் தனியாக வைப்பது தயாரிப்பாளரின் கடமை என்றே நான் நினைக்கிறேன். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் வந்தது. செல்போனும் மின்னணுப் பொருள்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. இந்த மேசைக்கு வேண்டியவை மூன்று: சர்க்யூட் வரைபடம், நியாய விலையில் உதிரி, அது பஸ் பார்சலுக்குக் காத்திராமல் மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கும் வழி.