பனிக்கட்டிக்கு ஒரு குழாய்

தானாகவே பனிக்கட்டி வார்க்கும் குளிர்பதனப் பெட்டி நம் இல்லத்திற்கு வந்தபோது, அதனைத் தண்ணீர்க் குழாயுடன் இணைக்கும் பொறுப்பும் நம்மிடமே வந்து சேர்ந்தது.

பிளம்பர் ஒரு கவ்வியைக் காட்டினார். குழாயின்மேல் மாட்டித் திருகினால் ஊசி துளையிட்டுவிடும். பத்து நிமிட வேலை என்றார். நாம் இசையவில்லை. அத்தகைய துளை நாளடைவில் அடைத்துக்கொள்ளும். கவ்வியும் கசியத் தொடங்கும். பெட்டியின் பின்னே சொட்டும் நீரை யார் காண்பார்? வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் சென்ற நாளில் அது நேர்ந்தால் தரையும் சுவரும் என்னாவது! குழாயை அறுத்து, 'டீ' இணைப்பு வைத்து, கைக்கெட்டும் இடத்தில் மூடும் வால்வு ஒன்றும் அமைக்கச் சொன்னோம். பெட்டியை முன்னே இழுத்துத் துடைக்க ஏதுவாக, கால் அங்குலக் குழல் சில அடி சுருளாக விடப்பட்டது.

அழுத்தம் மற்றொரு தடை. இவ்வகைப் பெட்டிகள் பல குறைந்தது 20 பிஎஸ்ஐ கேட்கின்றன. அதற்குத் தொட்டி சுமார் 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் மாடித் தொட்டியோ 6 மீட்டர்தான். ஆகவே, அழுத்தம் நிறைந்ததும் தானே நின்றுவிடும் சிறு பம்பு ஒன்று தேவைப்பட்டது.

உறைந்த நீர் தூய நீர் என்பது உம்மாவின் நம்பிக்கை. குளிரில் கிருமிகள் பல உறங்குமேயன்றி மடிவதில்லை. எனவே சுத்திகரித்த நீரையே பம்பின் வழியே செலுத்தினோம். முதல் நாள் வார்த்த கட்டிகளை அப்படியே கொட்டியதில் பேரப்பிள்ளைகளுக்குத்தான் பெருங்குறை. இணைப்புகளின் கீழ் இரவு விரித்துவைத்த தாள் காலையில் உலர்ந்தே கிடந்தது.