லோரிப் புத்தகம்

கேமரன் மலையில் நான் வேலை செய்யும் தேயிலைத் தோட்டப் பள்ளியில், மூன்றாம் ஆண்டில் ஒரு பையன். அவன் அப்பா ஆலைக்கு லோரி ஓட்டுகிறார். நூலக நேரத்தில் இவன் மட்டும் ஓரிடத்தில் உட்காரமாட்டான். கொழுந்து லோரி மேடேறும் சத்தம் கேட்டால் போதும், புத்தகம் கீழே கிடக்கும், இவன் சன்னலில் நிற்பான். வள மையப் பொறுப்பாசிரியை நான். ஒருநாள் சன்னலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவனுடைய நீலாம் வாசிப்புப் பதிவேடு காலி. நூலின் பெயர், ஆசிரியர், சுருக்கம் எல்லாம் எழுதவேண்டுமே! பத்துப் பக்கப் படநூலைப் புரட்டுவதற்குள் களைத்துப்போகிறவனுக்கு அது தண்டனைதான்.

ஒரு மாலை அவன் அம்மா வந்தார். "டீச்சர், இவனுக்கு மூளையில ஏதும் கோளாறா? லோரியப் பத்திக் கேட்டா மட்டும் ஒரு மணி நேரம் பேசுறான்."

கோளாறா இல்லையா என்பதை நான் சொல்லக்கூடாது. மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். ஆனால் அந்த 'ஒரு மணி நேரம்' என்னை விடவில்லை. கவனச் சிதறல் உள்ள பிள்ளைக்கும் கவனம் உண்டு. வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில் அதை நிறுத்துவதுதான் சிரமம். பிடித்த விஷயம் என்றால் மூழ்கியே போய்விடும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் வேண்டும் என்பது, சென்னையில் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று. பயிற்சியில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டேன்.

அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சிறு மேசை போட்டேன். அதன்மேல் ஒரே ஒரு புத்தகம். நின்றுகொண்டும் படிக்கலாம். பத்து நிமிடம் படித்தால், திரும்பி வந்த நூல்களை அடுக்கும் வேலை அவனுக்கு. துடிக்கிற காலுக்கும் ஏதாவது வேண்டுமல்லவா? சுருக்கத்தை அவன் வாயால் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

"இது சலுகை இல்லையா?" என்றார் சக ஆசிரியர். சலுகைதான். கண்ணாடி போட்ட பிள்ளையிடம் அதைக் கழற்றிவிட்டுப் படி என்கிறோமா?

முதல் வாரம் நூல்களைத் தலைகீழாக அடுக்கினான். இரண்டாம் மாதம் வாகனப் படநூல் ஒன்றை மூன்று முறை இரவல் வாங்கினான். கடைசிப் பக்கம் கிழிந்து வந்தது. வகுப்பில் இன்னும் எழுந்து நடக்கிறான். மருத்துவரைப் பார்க்க மலையிறங்கும் நாளில் அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகிறது. அதற்கு என் மேசையால் ஒன்றும் செய்ய முடியாது.

போன வாரம், பனி விலகுமுன்னே நூலகக் கதவருகே நின்றான்.

"டீச்சர், நம்ம லோரிக்கு எத்தனை கியர்னு இந்தப் புக்ல போடல."

எனக்கும் தெரியாது. அப்பாவிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். மறுநாள் துண்டுத் தாளில் நான்கு வரி எழுதிக் கொண்டுவந்தான். இரண்டு பிழை. அப்படியே நீலாம் பதிவேட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.