முதலில் பிரேக்கர், பிறகு வாயு

கரண்ட் ஓடும் பேனலில் தீப்பிடித்தால் வாயு அதை அடக்கும். அணைத்து முடிப்பது பிரேக்கர்தான். இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இது. கார்பன் டை ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது, கருவியில் கறை வைக்காது. ஆனால் லூஸான கேபிள் லக்கில் பொறி நிற்காவிட்டால், வாயு கலைந்ததும் தீ திரும்பிவிடும்.

குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் மில் பேனல்களில் நாங்கள் பூட்டுவது டியூப் சிஸ்டம். நைட்ரஜன் ஏற்றிய மெல்லிய பாலிமர் டியூப் பேனலுக்குள் சுற்றி ஓடும். சுமார் 110 டிகிரியில், சூடு அதிகம் பட்ட இடத்தில் அது வெடிக்கும். அழுத்தம் இறங்கியதும் சிலிண்டர் வால்வு திறக்கும். அதே இறக்கத்தைப் பிரஷர் ஸ்விட்ச் பிடித்து, ஷன்ட் ட்ரிப் காயிலுக்குக் கொடுத்து, பிரேக்கரை விழவைக்க வேண்டும்.

எங்கள் மேஸ்திரி டியூப் ஓட்டும்போது கண்ணைவிட விரலை நம்புவார். ஒவ்வொரு வளைவையும் தடவிப் பார்ப்பார். மடிப்பு விழுந்ததை நிமிர்த்திப் போட விடமாட்டார். வெட்டி எறியச் சொல்வார். பஸ்பார் ஜாயின்ட், கான்டாக்டர், கேபிள் லக் மூன்றுக்கும் மேலே டியூப் போயாக வேண்டும். சூடு மேலேதானே ஏறும். வேலை முடிந்ததும் கரண்ட் கொடுக்காத பேனலுக்குள் ஹேண்ட் லேம்ப்பை எரியவிட்டு, கதவைச் சாத்தி, ரூம் லைட்டை அணைப்பார். வெளிச்சம் கசியும் கிளாண்ட் ஓட்டை எல்லாம் வாயு ஓடும் வழி; பஞ்சுத் தூசி நுழைவதும் அங்கேதான். எக்ஸாஸ்ட் ஃபேனும் ட்ரிப்போடு நிற்க வேண்டும். இல்லையென்றால் நிரப்பிய வாயுவை அதுவே வெளியே தள்ளிவிடும்.

ஒரு மில்லில் டியூப் வெடித்தது, இ.பி. பிரேக்கர் விழுந்தது, தீ அடங்கியது. கரண்ட் போய்விட்டதென்று ஜெனரேட்டர் தானாக எழுந்து, வெந்துபோன பஸ்பாருக்கே மின்சாரத்தை ஊட்டியது. தீ மறுபடி பற்றியது; சிலிண்டரோ காலி. அதற்குப் பிறகு, ஜெனரேட்டரைத் தானாக எழுப்பும் ஏ.எம்.எஃப். பேனலுக்கும் ஒரு வயர் இழுக்காமல் நான் வேலையை முடிப்பதில்லை. கெபாசிட்டரும் அப்படித்தான்: பிரேக்கர் விழுந்த பிறகும் சார்ஜ் வைத்திருக்கும். டிஸ்சார்ஜ் ஆகாமல் கை வைக்காதே.

பெரிய டிரான்ஸ்ஃபார்மரிலும் இதே ஒழுங்குதான். 10 எம்.வி.ஏ.வும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத் தீயணைப்பு ஏற்பாடு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகள் சொல்லின. நைட்ரஜன் இன்ஜெக்‌ஷன் முறை, மேல் எண்ணெயைக் கொஞ்சம் வடித்து, அடியிலிருந்து நைட்ரஜனை ஏற்றிக் கலக்கிக் குளிரவைக்கும். பிரேக்கர் திறந்த சிக்னல் வராமல் அது வேலையைத் தொடங்காது.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைத் தராசில் நிறுத்துப் பார். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே இருக்காது. சேலத்துச் சித்திரை வெயிலில் அழுத்தம் ஏறுமே தவிர, வாயு எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லாது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நிரப்ப அனுப்பு. ரூம் முழுக்க நிரப்பும் சிஸ்டம் என்றால், ஆள் வெளியேறும் முன் வாயு வரக்கூடாது. தீயை அடக்கும் அளவு மனிதனையும் கொன்றுவிடும்.

டெஸ்ட் செய்யும்போது சிலிண்டரைக் கழற்றி வைத்து டியூபின் அழுத்தத்தை இறக்கு. மணி அடித்தால் போதாது. பிரேக்கர் விழுந்ததைப் பார், ஃபேன் நின்றதைப் பார், ஜெனரேட்டர் எழவில்லை என்பதை நின்று உறுதிசெய். அதற்குப் பிறகு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடு.